பல்லை எண்ணினா மட்டும் போதுமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

ராணுவத்துக்கு ஆள் எடுக்கறதுன்னா ஓட்டம், உயரம், நெஞ்சளவு, கண்பார்வைன்னு பேசுறோம், பல்லை யாரும் கண்டுக்கறதில்ல. படைப்பிரிவு பல் கிளினிக்ல டாக்டர் பக்கத்துல நின்னு எச்சில் உறிஞ்சற சக்‌ஷன் பிடிச்சு சார்ட் எழுதினவன், அதனால சொல்றேன்.

செலக்‌ஷன்ல பல்லை எண்ணுவாங்க. இந்திய ராணுவத்துல குறைஞ்சது 14 டென்டல் பாயிண்ட் வேணும், முன்பல்லுக்கு 1, கடவாய்ப்பல்லுக்கு 2, மேல் பல்லும் கீழ் பல்லும் சரியா பொருந்தினாத்தான் கணக்கு. மெல்ல முடியுமான்னு பாக்க அது சரிதான். (அமெரிக்க உள்நாட்டுப் போர்ல தோட்டாவோட காகித உறைய பல்லால கடிச்சுக் கிழிக்கணும், முன்பல் இல்லாதவன் அப்பவே அவுட்.) ஆனா யாருக்கு என்ன வைத்தியம் வேணும்னு பாயிண்ட் சொல்லாதுங்க. ரெண்டு பல்லுக்கு நடுவுல இருக்கற சொத்தை பல நேரம் வெறுங்கண்ணுக்கு சிக்காது, பைட்விங் எக்ஸ்ரே (பல்லால கடிச்சுப் பிடிக்க வெச்சு எடுக்கற படம்) எடுத்தாத்தான் தெரியும். ஞானப்பல்லு வேற பெரும்பாலும் 17லேருந்து 25 வயசுக்குள்ள முளைக்கும், ரெக்ரூட்டுக்கும் அதே வயசு, பாதி முளைச்சு ஈறு மூடிக்கிட்டு நிக்கும், உள்ள அழுக்கு சேந்து வீங்கிடுச்சுன்னா வாயத் தொறக்க முடியாது, அப்புறம் எங்க பரேடு பண்றது.

பசங்களும் சொல்ல மாட்டாங்க. ஒருத்தன், "வலிக்குதாப்பா"ன்னு கேட்டா "இல்ல சார்"ங்கறான், டாக்டர் பல்லுல லேசா காத்து அடிச்சதும் சேர் கைப்பிடிய விரல் வெளுக்கற அளவுக்கு இறுக்குறான். வீட்டுக்கு அனுப்பிருவாங்கன்னு பயம். அன்னிக்கு எக்ஸ்ரே எடுக்கல, கூட்டம், அடுத்த ஆளைக் கூப்பிட்டாச்சு.

அமெரிக்கப் படையில எல்லாரையும் 4 வகுப்பா பிரிக்கறாங்க. வைத்தியமே தேவையில்லாதவங்க 1, தேவை ஆனா அவசரமில்லாதவங்க 2, 12 மாசத்துக்குள்ள திடீர் வலி வரலாம்னு தெரியறவங்க 3, இன்னும் பரிசோதிக்காதவங்க 4. கடைசி ரெண்டும் சாதாரணமா களத்துக்கு அனுப்பத் தகுதியில்லைன்னு கணக்கு. நியாயம்தானே, விமானத்துல மேல போகப்போக காத்தழுத்தம் குறையும், பழுதான பல்லு அங்க போய்க் குத்த ஆரம்பிச்சா யாரு பாப்பா?

எங்கயா இருந்தாலும் ட்ரெய்னிங் ஆரம்பிச்ச மொத ரெண்டு வாரத்துல எக்ஸ்ரேயோட இப்படி வகை பிரிச்சு, 3ல இருக்கறவங்களுக்கு ட்ரெய்னிங் முடியறதுக்குள்ள வைத்தியத்த முடிச்சுரணும். வலின்னு சொன்னா வேலை போகாதுன்னு மொத நாளே வாய்விட்டுச் சொல்லிரணும், இதுக்கு காசு கூட ஆகாது.

அந்தப் பையன் மூணு மாசம் கழிச்சு ஒரு பக்கம் முகம் வீங்கி, சீழ் கோத்து வந்தான். ஃபில்லிங்ல முடிய வேண்டிய கடவாய்ப்பல்ல பிடுங்கினோம், அவன் சார்ட்ல 2 பாயிண்ட்ட நான்தான் கோடு போட்டு அடிச்சேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பல் கிளினிக் உதவியாளர்