பழைய சீட்டுக்கு ஆன்டிபயாடிக் ஏன் தருவதில்லை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"அண்ணாச்சி, போன தடவை எழுதின அதே மாத்திரைதான், நாலு மட்டும் வெட்டிக் குடுங்க" என்று கேட்டு, நாங்கள் இல்லையென்று சொன்னதில் சிலருக்கு வருத்தம். சேரன்மகாதேவியிலிருந்து பஸ் ஏறி பாளையங்கோட்டை வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது எங்களுக்கும் சங்கடம்தான். கூட்டத்துக்கு நடுவே நின்று விளக்க முடிவதில்லை, அதனால்தான் இந்த மடல்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கிறது. செஃபிக்சிம் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகள் 2014 மார்ச் முதல் எச்-1 அட்டவணையில், அதாவது டாக்டர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் உள்ளன. டாக்டர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். அந்தச் சட்டமே இல்லாவிட்டாலும் நாங்கள் தரமாட்டோம். காரணம், மருந்துக்கு அடங்காமல் போகும் கிருமிகள்.

மருந்தை எதிர்க்கும் மரபணு ஒரு கிருமியிடம் இருந்தாலும், அது எந்நேரமும் வேலை செய்வதில்லை. குளம் வற்றிக் கிடக்கையில் சேற்றுக்குள் அல்லிக்கிழங்கு இருப்பது யாருக்குத் தெரியும்? கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட்டில் பார்ப்பது, மருந்து பட்டால் கிருமி வளர்கிறதா இல்லையா என்பதைத்தான். சும்மா கிடக்கும் மரபணு அதில் தெரியாமலே போகலாம்.

என்டெரோபாக்டர் என்ற கிருமியையே எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீர்த் தொற்றில் வரும், ஆஸ்பத்திரிகளிலும் வரும். மருந்தைச் சிதைக்கும் ஆம்ப்-சி என்ற நொதியை உண்டாக்கும் மரபணு அதற்குப் பிறவியிலேயே உண்டு, ஆனால் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். கல்ச்சர் ரிப்போர்ட்டில் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி கேட்கும் என்றே வரும். ஊசி போடத் தொடங்கியதும் காய்ச்சலும் இறங்கும். அந்தக் கூட்டத்தில் ஒன்றிரண்டு கிருமிகளுக்கு, மரபணுவை அடக்கி வைக்கும் பகுதியில் பழுது இருந்தால் போதும். அவை நொதியைக் கொட்டித் தள்ளும். மற்றவை சாக, இவை பெருகும். அப்புறம் அதே மருந்து கேட்காது.

நம் குடலில் குடியிருக்கும் பாக்டிராய்ட்ஸ் ஃபிராஜிலிஸிலும் சில வகைகளுக்கு இப்படி ஒரு மரபணு உண்டு. இடம் மாறித் தாவும் சிறு டி.என்.ஏ. துண்டு ஒன்று அதற்கு முன்னால் வந்து செருகிக்கொண்டால் அது விழித்துக்கொள்ளும். பிறகு கார்பபெனெம் என்ற உயர்வகை மருந்துகளே தோற்றுப்போகும்.

வைரஸால் வந்த சளிக்கு நாமாக ஆன்டிபயாடிக் போட்டால், சளிக்கு ஒன்றும் ஆகாது, அடி விழுவது குடலிலுள்ள சாதுவான பாக்டீரியாக்களுக்கு. தப்பிப் பிழைப்பவை எதிர்ப்பு மரபணு உள்ளவை. பிளாஸ்மிட் என்ற டி.என்.ஏ. வளையத்தில் அது இருந்தால், நோய் உண்டாக்கும் கிருமிக்கே கைமாறும். கை வழியாக, சாக்கடை வழியாக அடுத்த வீட்டுக்கும் போகும். 2019இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் மருந்து கேட்காத கிருமிகளால் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். பிரசவமானவர்கள், பச்சைப்பிள்ளைகள், ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு வேண்டிய மருந்து இது. அதை நாலு நாலாக வெட்டி விற்க எங்களுக்கு மனசில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ரிப்போர்ட்டில் மருந்து கேட்கும் என்று போட்டிருந்தும் காய்ச்சல் திரும்பினால், அந்த ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் போங்கள். மாத்திரையை நீங்களாக மாற்ற வேண்டாம். மீந்த மாத்திரைகளை வாய்க்காலில் எறியாமல் கடையில் கொடுங்கள், பில் தேவையில்லை.

காய்ச்சல் மாத்திரைக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுக்கும் எப்போதும்போல வரலாம். ராத்திரி அவசரமென்றால் ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுச் சீட்டோடு வாருங்கள். கடை அடைக்கும் நேரமானாலும் மருந்து எடுத்துத் தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் மருந்துக்கடை,
பாளையங்கோட்டை