பெரிய எஞ்சின் வாங்குமுன் பம்பைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெட் படகு நின்ற நிலையிலிருந்து வேகமெடுக்கத் தாமதிப்பதால் நீர்ச்சறுக்கு வீரர்களை இழுக்க அது உதவாது என்றும், பெரிய எஞ்சின் பொருத்தினாலன்றி அந்தக் குறை தீராது என்றும் வாசகர் ஒருவர் தங்கள் நாளிதழில் அண்மையில் எழுதியிருந்தார். அவர் கண்ட குறை மெய்யானது; கூறிய மருந்துதான் பொருந்தாதது. பாகூர்ப் பக்கத்து வயல்களில் நீரிறைக்கும் பம்புகளைப் பழுதுபார்த்துத் தொழில் கற்று, பிறகு அரியாங்குப்பத்தில் படகு எஞ்சின் பட்டறை நடத்திவருபவன் நான். லட்சக்கணக்கில் செலவழித்து எஞ்சினை மாற்ற முனைபவர்கள் அதற்கு முன் அறிந்துகொள்ள வேண்டிய சிலவற்றை எழுத விரும்புகிறேன்.

நீர்ச்சறுக்கில் கடினமான கட்டம் முதல் சில நொடிகள்தாம். சறுக்குபவர் முழங்கால்களை மார்போடு மடக்கி, பலகைகளின் நுனி மட்டும் நீருக்கு வெளியே தெரிய, கயிற்றுப் பிடியைப் பற்றியபடி மிதக்கிறார். அவர் உடல் நீருக்குள் அமிழ்ந்திருக்கும் அந்த நேரத்தில்தான் கயிற்றின் இழுப்பும் மிகுதி. படகுக்கும் அப்போதுதான் சோதனை: அமரம் என்னும் பின்பகுதி தாழ்ந்து அணியம் என்னும் முன்பகுதி மேலெழ, தானே எழுப்பிய அலைமேட்டைக் கடந்தால்தான் அது நீர்ப்பரப்பின் மேல் வழுக்கி ஓடத் தொடங்கும். அந்த மேட்டிலேயே படகு திணறினால் சறுக்குபவரின் முகத்தில் நீர் அறைந்துகொண்டே இருக்கும்; கை சோர்ந்து அவர் பிடியை விட்டுவிடுவார். ஆகவே இங்கே நமக்கு வேண்டியது தொடக்க இழுவை. படகு எட்டும் உச்ச வேகம் அதற்குப் பிறகுதான்.

ஜெட் படகு என்பது எஞ்சினோடு இணைந்த ஒரு நீரிறைக்கும் பம்பு. படகின் அடியிலுள்ள வாய் வழியாக நீரை உள்ளிழுத்து, இம்பெல்லர் என்னும் சுழலும் இதழ்ச்சக்கரத்தால் அழுத்தம் கூட்டி, நாசில் என்னும் குறுகிய வாய் வழியாகப் பின்னோக்கிப் பீய்ச்சுகிறது. ஓடும் படகில் முன்னோட்டமே நீரை வாய்க்குள் தள்ளிக் கொடுத்துவிடும். நின்ற படகில் அந்த உதவி இல்லை. பம்பு தன் உறிஞ்சலால் மட்டுமே நீரைக் கொண்டுவர வேண்டும். அந்நேரத்தில் ஆக்ஸிலேட்டரை ஒரேயடியாகத் திருகினால் இம்பெல்லர் இதழ்களின் முதுகுப்புறத்தில் அழுத்தம் வீழ்ந்து, நீர் அங்கேயே கொதித்து ஆவிக்குமிழிகளாகிறது. நம் ஊர் ஆற்றுநீர் போல 30 டிகிரி வெப்பத்தில் இருக்கும் நீர், காற்றழுத்தத்தில் ஏறத்தாழ இருபத்தைந்தில் ஒரு பங்கு அழுத்தத்திலேயே கொதித்துவிடும். புளியங்கொட்டைகளைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குவதுபோல் படகின் பின்பக்கத்திலிருந்து ஓசை வந்தால் இதுதான் நடக்கிறது என்று கொள்ளலாம். உறிஞ்சு குழாய் காற்று இழுக்கும்போது 5 குதிரைத்திறன் மோட்டாரைக் கழற்றிவிட்டு 10 குதிரைத்திறன் மோட்டார் வைத்தால் தண்ணீர் வராது என்பதை பாகூரில் எந்த விவசாயியும் சொல்லிவிடுவார். படகிலும் அதே கதைதான்.

கணக்கும் இதைத்தான் காட்டுகிறது. இம்பெல்லரைச் சுழற்றத் தேவைப்படும் திறன், சுற்றுவேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது. ஆகவே எஞ்சின் திறனை 2 மடங்காக்கினாலும் அதே இம்பெல்லரின் சுற்றுவேகம் சுமார் 26 விழுக்காடுதான் உயரும். இழுவை சுற்றுவேகத்தின் இரண்டாம் அடுக்குக்கு ஏற்பக் கூடுவதால், நீர் தடையின்றி வந்துகொண்டிருந்தால் நின்ற நிலை இழுவை 59 விழுக்காடு வரை கூட இடமுண்டு. நீரே வராமல் குமிழி வருகிற பம்பில் அந்தக் கூடுதல் திறனெல்லாம் குமிழியைத்தான் பெருக்கும்.

கோளாறு எஞ்சினிலா பம்பிலா என்று கண்டுபிடிக்க ஜெட் படகு நமக்கு ஓர் எளிய வழியைத் தந்திருக்கிறது. புரொப்பெல்லர் படகைப் போலன்றி, முழு ஆக்ஸிலேட்டரில் ஜெட் படகு எஞ்சினின் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு), படகு நின்றாலும் ஓடினாலும் பெரிதாக மாறாது. தயாரிப்பாளர் குறித்த ஆர்பிஎம்மை எட்டாவிட்டால் எஞ்சின் தளர்ந்திருக்கிறது, அல்லது இம்பெல்லர் இதழின் சாய்வு அந்த எஞ்சினுக்கு மிகுதி. குறித்த அளவைத் தாண்டி மீட்டர் ஏறியும் படகு நகரத் தயங்கினால், பம்பு காற்றையோ குமிழியையோ சுழற்றிக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டாம் வகைப் படகுகளைத்தான் என் பட்டறையில் அதிகம் பார்த்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு நண்பர் ஒருவர் இத்தகைய படகைக் கொண்டுவந்தார். விற்றவர்களே எஞ்சினை மாற்றச் சொல்லிவிட்டார்களாம். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் நிறுக்கும் தொங்கு தராசு ஒன்றை இரவல் வாங்கி, படகுக்கும் படித்துறைத் தூணுக்கும் இடையே கட்டி, முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்துப் பார்த்தோம். தராசின் எண் ஓரிடத்தில் நிற்காமல் ஏறுவதும் இறங்குவதுமாக நடுங்கியது. பம்பைக் கழற்றியபோது, இம்பெல்லர் தண்டில் நைலான் வலைநூல் கையளவு தடிமனுக்குச் சுற்றி இறுகியிருந்தது. அதற்குள் சவுக்கு இலைகளும் ஒரு பாலிதீன் பையின் கிழிசலும் இருந்தன. இதழ்களின் முன் விளிம்பு கல் பட்டு நசுங்கியிருந்தது. இம்பெல்லரைச் சுற்றியுள்ள தேய்வு வளையமான வேர் ரிங்குக்கும் இதழுக்கும் நடுவே, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தும் இடைவெளி நிறையவில்லை. இத்தகைய சிறிய பம்புகளில் புதிதாக இருக்கும்போது அது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பம்பு வாய் படகின் அடித்தளத்தோடு சேரும் இடத்தில், காற்றுப் புகாமல் அடைக்கும் கேஸ்கட்டும் கசிந்தது. நூலை அறுத்தெடுத்து, விளிம்புகளை அரத்தால் சீராக்கி, ரிங்கையும் கேஸ்கட்டையும் மாற்றி மறுபடி தூணில் கட்டினோம். தராசின் எண் முன்னிலும் மேலே போய், அங்கேயே அசையாமல் நின்றது. எஞ்சினில் ஒரு நட்டைக்கூட நாங்கள் தொடவில்லை.

ரிங் தேய்வதற்குக் காரணம் மணல். ஆழமில்லாத ஆறுகளுக்காகவே நியூசிலாந்தின் வில்லியம் ஹாமில்டன் 1950களில் ஜெட் படகைச் செம்மைப்படுத்தினார். மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும் சுண்ணாம்பாற்று முகத்துவாரத்துக்கும் கடலூர் கெடிலம், உப்பனாற்றுக் கழிமுகங்களுக்கும் இது பொருந்துவதும் அதனால்தான். ஆழமில்லாத இடத்தில் ஓடுவது வேறு, அங்கே நின்று புறப்படுவது வேறு. முழங்கால் அளவு நீரில் நின்றபடி ஆக்ஸிலேட்டரைத் திருகினால் பம்பு அடிமணலை வாரி விழுங்கும். ஒரு பருவத்திலேயே ரிங் பாழாகும். இடுப்புக்கு மேல் நீருள்ள இடம்வரை துடுப்பால் தள்ளிச் சென்று எஞ்சினை முடுக்குங்கள் என்று இளைஞர்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

பம்பு சரியான பிறகு கவனிக்க வேண்டியது எடை. பேட்டரி, எரிபொருள் கலன், பின்னிருக்கை ஆட்கள் என எல்லாம் அமரத்தில் குவிந்தால் படகு அலைமேட்டை ஏறாது. புறப்படும்போது ஒருவரை முன்னே அமர்த்தினாலே வேறுபாடு தெரியும். ஆனால் சறுக்குபவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பதற்கென்று ஒருவர் படகில் இருந்தே ஆக வேண்டும். எடை குறைக்கிறோம் என்று அவரை இறக்கிவிடக் கூடாது. சாய்வு மாற்றும் வசதியுள்ள நாசிலைப் புறப்பாட்டின்போது கீழ்நோக்கி வைத்தால் அணியம் அடங்கும். நாசிலின் வாயைப் பெரிதாக்கினால் தொடக்க இழுவை கூடும் என்று சிலர் லேத்துக்கு எடுத்துச் செல்கிறார்கள். அதில் உண்மை இருந்தாலும், பம்பு வழியே ஓடும் நீரின் அளவும் கூடுவதால், உறிஞ்சத் திணறும் பம்பில் குமிழி இன்னும் மிகும். சாய்வு குறைந்த இம்பெல்லரும் ஆர்பிஎம் எட்டாத படகுக்கு மட்டுமே பலன் தரும்.

ஓட்டுபவரின் கைக்கும் இதில் பங்குண்டு. முதலில் மெல்ல நகர்ந்து கயிற்றின் தொய்வை எடுத்து, படகு சற்று நகர்ந்து பம்பு வாய்க்குள் நீர் புகத் தொடங்கியதும் ஆக்ஸிலேட்டரை இரண்டு மூன்று நொடிகளில் சீராக ஏற்றினால், ஒரேயடியாகத் திருகுவதைவிட விரைவாகவே படகு மேலெழுகிறது. தொய்ந்த கயிறு பம்பு வாயருகே மிதந்தால் உள்ளே இழுக்கப்பட்டுவிடும் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

நீர் விளையாட்டுக்குப் படகு வாங்கும் அமைப்புகளுக்கும், பழுதுபார்ப்புக்கு விலைப்புள்ளி கேட்கும் அலுவலகங்களுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். குதிரைத்திறனை மட்டும் எழுதி வாங்காமல், கட்டிய நிலையில் தராசு காட்டும் இழுவை, அப்போதைய ஆர்பிஎம், இரண்டு பேருடன் படகு வழுக்கு நிலைக்கு வர ஆகும் நொடிகள் ஆகிய மூன்றையும் ஒப்படைக்கும் நாளிலேயே அளந்து பதிவேட்டில் குறிக்கச் செய்ய வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே தூணில் கட்டி அளந்து பார்த்தால், இழுவை குறையத் தொடங்கியதுமே பம்பைத் திறந்துவிடலாம்.

இப்படிக்கு,
படகு எஞ்சின் பழுதுபார்ப்பவர்,
அரியாங்குப்பம், புதுச்சேரி.