கதவைச் சாத்துவதால் ஊசி போட்டதாகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தடுப்பூசி போடாத குழந்தைகளைப் பள்ளியிலும் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்திலும் சேர்க்கக் கூடாதென்று சட்டம் வேண்டும் எனச் சென்ற இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய கவலை நியாயமானது. கேட்கும் சட்டம்தான் எனக்கு உடன்பாடில்லை.

தென்னாப்பிரிக்காவில் விதி ஏற்கெனவே இருக்கிறது. போலியோ, தட்டம்மை, காசநோய், டிப்தீரியா, டெட்டனஸ், ஹெப்படைட்டிஸ் பி ஆகியவற்றுக்குத் தடுப்பூசி போட்டதற்கான சான்றைப் பெற்றோர் காட்ட வேண்டும் என்கிறது 1998ஆம் ஆண்டின் அரசுப் பள்ளிச் சேர்க்கைக் கொள்கை. சான்று இல்லாத பிள்ளையைத் திருப்பி அனுப்பும்படி அது சொல்லவில்லை. இலவச ஆரம்ப சுகாதாரச் சேவையில் ஊசி போட்டுக்கொள்ளுமாறு தலைமையாசிரியர் அறிவுறுத்த வேண்டும் என்பதோடு நின்றுவிடுகிறது. அறிவுரைக்குப் பின் ஊசி போட்டார்களா என்று யார் பார்ப்பது என்பதில்தான் ஓட்டை.

பள்ளி அலுவலகத்தில் சேர்க்கைக் கோப்புகளைக் கையாண்டவள் என்ற முறையில் சொல்கிறேன்: குழந்தையின் ஊசிகளைப் பதியும் கிளினிக் புத்தகத்தின் நகலில் 6, 10, 14 வாரக் கட்டங்களில் தேதியும் கையெழுத்தும் ஒழுங்காக இருக்கும், 18 மாதக் கட்டம் வெறுமையாகக் கிடக்கும். தாய் வேலைக்குத் திரும்பியிருப்பாள், பிள்ளை பாட்டியிடம் வளரும், கிளினிக் வரிசையில் காலைப்பொழுது முழுவதும் போய்விடும். வாட்ஸ்அப் வதந்தியை நம்பி மறுப்பவர்களும் உண்டு; நான் கண்டவரை அவர்கள் சிலரே. கதவைச் சாத்தினால் முதலில் வெளியே நிற்பது அந்தச் சிலரின் பிள்ளைகள் அல்லர், புத்தகத்தைத் தொலைத்துவிட்ட ஏழையின் பிள்ளை. மேலும், 2024இல் கையெழுத்தான பேலா என்னும் பள்ளிக் கல்விச் சட்டத் திருத்தம், முதல் வகுப்புக்கு முந்தைய கிரேட் ஆர் வகுப்பைக் கட்டாயமாக்கியிருக்கையில், வா என்று ஒரு சட்டமும் வராதே என்று மற்றொன்றும் சொல்வது எப்படிப் பொருந்தும்?

2022இல் லிம்போப்போவில் தொடங்கிப் பிற மாகாணங்களுக்கும் பரவிய தட்டம்மை, 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளையே அதிகம் தாக்கியது. அடுத்த ஆண்டு செவிலியர்கள் பள்ளிகளுக்கே வந்து, பெற்றோரின் ஒப்புதல் பெற்று ஊசி போட்டார்கள். நோய் பரவிய பின் முடிந்த ஒன்று, ஆண்டுதோறும் சேர்க்கைப் பதிவு நடக்கும் வாரத்தில் ஏன் முடியாது? சுகாதாரத் துறையும் கல்வித் துறையும் இதை எழுத்துப்பூர்வமான கடமையாக ஏற்கட்டும். 18 மாத ஊசி தவறிப்போகும் வயதில் பிள்ளை இருப்பது பள்ளியில் அன்று என்பதால், செவிலியர் முதலில் செல்ல வேண்டியவை காப்பகங்களே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி அலுவலர்,
சாட்ஸ்வர்த், டர்பன்.