படகோட்டிய அந்தப் பெண்ணுக்கு நன்றி

அர்ஜென்டினாவின் உஷுவாயாவில் அண்டார்டிகாவுக்குக் கப்பலேறியதிலிருந்து, இடையிலுள்ள கொந்தளிப்பான டிரேக் கடலைத் தாண்டும்வரை அம்மா படுக்கையை விட்டு எழவில்லை. அண்டார்டிகாவில் ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் கரையில் நிற்கக் கூடாது. எங்கள் முறை வந்தபோது அம்மாவுக்குக் கால் நடுக்கம், வேண்டாமென்றார்.

ரப்பர் படகை ஓட்டிய சகோதரி, உங்கள் பெயரைக் கேட்காமலே வந்துவிட்டேன். முதல் நாள் மண்டியிட்டு அம்மாவின் பூட்ஸ் இடுக்கிலிருந்து ஒரு புல்விதையைக் கிள்ளி எடுத்தவரும் நீங்கள்தான். வெளியூர் விதை அங்கே முளைத்துவிடக் கூடாதே! இப்போது அதே கைகளால் அம்மாவின் முன்கையை இறுகப் பிடித்து இறக்கினீர்கள். ஜென்டூ பெங்குவின்களிடமிருந்து 5 மீட்டர் தள்ளி நிற்கவைத்து, நாங்கள் திரும்பும்வரை அவர் பக்கத்திலேயே நின்றீர்கள்.

அம்மா இன்னும் தினமும் உங்களைப் பற்றித்தான் பேசுகிறார்.