பொருள்: மூட்டைக்குள் சரக்கை மாற்றிவிட்டு எனக்குச் சொல்லாமல் விட்டது பற்றி

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்களுக்கு நான் எழுதும் நான்காவது கடிதம் இது. முதல் மூன்றுக்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே வரிதான் வந்தது. தொலைபேசியில் எத்தனை முறை பேசினேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

நான் மண் கோப்பைகள் செய்கிறவள். உங்கள் 25 கிலோ பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பார் (கிளேஸ் உருகச் சேர்க்கும் கனிமப் பொடி) மூட்டையைத்தான் ஏழு வருடமாக வாங்குகிறேன். என் வெள்ளை கிளேஸில், அதாவது கோப்பை மேல் கண்ணாடிபோல் படியும் பூச்சில், நூற்றுக்கு நாற்பது பங்கு அதுதான். இந்த முறையும் அதே பை, அதே எழுத்து. வழக்கம்போல நிறுத்து, சலித்து, பூசி, கோன் 6 என்ற சூட்டளவுக்குச் சுட்டேன். மறுநாள் சூளையைத் திறந்தபோது பளபளப்பு கொஞ்சம் கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான். அன்று ராத்திரி அலமாரியிலிருந்து "டிங்... டிங்..." என்று சத்தம் வர ஆரம்பித்தது. ஒரு கோப்பையில் மை தடவித் துடைத்துப் பார்த்தேன். சிலந்தி வலை மாதிரி மயிரிழை வெடிப்பு, அடிவரைக்கும். 38 கோப்பைகள். ஒன்றுகூடத் தப்பவில்லை. கீழ்வரிசையில் நாலு கோப்பைகளில் கிளேஸ் வழிந்து சூளைத் தட்டோடு ஒட்டிக்கொண்டது.

இதைச் சொல்லத்தான் போன் செய்தேன். உங்கள் ஆள் சொன்ன பதில்: "எல்லாம் ஒரே வெள்ளைப் பொடிதானே மேடம், எதுக்கு இவ்வளவு பெருசு பண்றீங்க?" சொல்லிவிட்டு லைனை வைத்துவிட்டார்.

இந்தப் பையில் வந்தது பொட்டாஷ் அல்ல, சோடா ஃபெல்ட்ஸ்பார். இரண்டும் ஒன்றல்ல என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? இரண்டையும் விற்பதே நீங்கள்தான். சோடா சேர்ந்த கிளேஸ் ஆறும்போது அதிகம் சுருங்கும், மண் அந்த அளவுக்குச் சுருங்காது, கிளேஸ் வெடிக்கும். சோடாவின் (சோடியம் ஆக்சைடு) மூலக்கூறு எடை 62, பொட்டாஷின் (பொட்டாசியம் ஆக்சைடு) எடை 94. ஒரே எடைக்கு மாற்றிப் போட்டால் உருக்கி, அதாவது கிளேஸை உருகவைக்கும் பொருள், கூடிப்போகும், கிளேஸ் வழியும். முன்கூட்டியே ஒரு வரி சொல்லியிருந்தால் கணக்குப் போட்டு செய்முறையைத் திருத்தி, ஒரு சோதனைத் துண்டைச் சுட்டுப் பார்த்திருப்பேன். அது அரை நாள் வேலை.

பாதி மூட்டையையும் உடைந்த கோப்பையையும் தூக்கிக்கொண்டு உங்கள் கிடங்குக்கும் வந்தேன். இரண்டு பஸ் மாறி. காலையிலிருந்து சாயங்காலம் வரை வாசல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, "மாதிரி வாங்குற பிரிவு இங்க இல்லை" என்றார்கள். இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாமே! கிளம்பும்போது அங்கிருந்த ஒரு பையன்தான், பாவம், உண்மையைச் சொன்னான்: பழைய சரக்கு வரவில்லை, அதனால் அதே பையில் சோடாவை நிரப்பி அனுப்பினார்களாம்.

அந்த வெள்ளைப் பொடி ஆளுக்கு அடுத்து பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் தந்த யோசனை: "வைட்டிங்கை எடுத்துட்டு வோலஸ்டோனைட்டை அதே அளவு போடுங்க." நூறு கிராம் வைட்டிங், அதாவது சுண்ணாம்புக்கல் பொடி, சுட்டால் 56 கிராம் சுண்ணாம்பு நிற்கும், மீதி வாயுவாகப் போய்விடும். நூறு கிராம் வோலஸ்டோனைட்டில் சுண்ணாம்பு 48-தான், மீதி 52 சிலிக்கா. அந்த சிலிக்காவை வேறு எங்கே குறைப்பது என்று கேட்டேன். "பார்த்துச் சொல்றோம்" என்றார். இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறார் போல.

ஏழு வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்த பெயர் ஒரே சூட்டில் போய்விட்டது. என் தொழிலையே அழித்துவிட்டீர்கள். ஆர்டர் கொடுத்தவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

சரி, பழையதைப் பேசி என்ன ஆகப்போகிறது. தயவுசெய்து இந்த லாட்டின் பகுப்பாய்வுத் தாளை அனுப்புங்கள். போன முறை அனுப்பியது பழைய லாட்டுடையது, தேதியைப் பார்த்தாலே தெரியும். மூட்டையை எடுத்துக்கொண்டு உண்மையான பொட்டாஷைத் தாருங்கள். 38 கோப்பைகளுக்கும் கெட்டுப்போன தட்டுக்கும் இழப்பீடு தாருங்கள். வெள்ளைப் பொடி என்று சொன்னவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இதை நான் விடமாட்டேன்.

15 நாள் காத்திருப்பேன். அதற்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். அதுவரை போகாமல் முடிந்தால் எனக்கும் நிம்மதி. மீதி மூட்டையை லாட் எண் தெரியும்படி வாய் கட்டி வைத்திருக்கிறேன், மை தடவிய கோப்பையும் பக்கத்திலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் ஏழு வருட வாடிக்கையாளர்