மாடாயிப்பாறைக்கு வண்டி ஓட்டிச் செல்பவர்களுக்கு

அன்புள்ள சுற்றுலா வாகன ஓட்டுநர்களே, திருமணப் புகைப்படக் கலைஞர்களே,

ஓணம் நெருங்கினால் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்து மாடாயிப்பாறை என்ற செம்புராங்கல் மேடு நீலமாகிவிடும். அந்த நீலம் காக்கப்பூ. பூச்சியுண்ணும் தாவரம் என்று பள்ளியில் படித்தோமே, அந்த யூட்ரிகுலேரியாவின் இருநூறுக்கும் மேற்பட்ட இனங்களில் ஒன்று. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. அதைப் பின்னணியில் வைத்துப் படமெடுக்கப் புல்வெளிக்குள் வண்டியை இறக்குகிறீர்கள். தயவுசெய்து இனி இறக்காதீர்கள்.

ஒரு முறை இறங்கி நின்று, குனிந்து பாருங்கள். பக்கத்துப் புல்லைச் சுற்றிக்கொண்டு மெல்லிய காம்பு எழுகிறது. பூவின் கீழிதழ் நடுவே வெண்மை, அதன்மேல் பின்னிப் பின்னி ஓடும் நீல நரம்புகள். இலை கண்ணில் படுவதே அரிது. வேர் என்று ஒன்று இந்தச் செடிக்கு இல்லவே இல்லை. ஈரமண்ணுக்குள் நூல் நூலாக ஓடும் தண்டுகளில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அளவில் பைகள் இருக்கின்றன. பை தனக்குள் இருக்கும் நீரை வெளியேற்றிவிட்டு ஒட்டிய வயிற்றோடு காத்திருக்கும். நுண்ணுயிர் ஏதாவது வாசலிலுள்ள மயிரிழைகளைத் தொட்டால் கதவு திறந்து, கண்மூடித் திறப்பதற்குள் நீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். செம்புராங்கல்லின் மேல் படிந்த மண்ணில் சத்து மிகக் குறைவு. தனக்கு வேண்டிய தழைச்சத்தை இந்தச் செடி இப்படித்தான் தேடிக்கொள்கிறது.

இதெல்லாம் நடப்பது இரண்டு விரற்கடை ஆழத்துக்குள். டயர் ஏறினால் பூ மட்டுமா நசுங்கும்? நூல் தண்டுகள் அறுகின்றன, மண் இறுகுகிறது, சக்கரத் தடமே வாய்க்காலாகி, தேங்க வேண்டிய மழைநீர் வடிந்துவிடுகிறது. மழைக்காலம் முடிந்தால் மடிந்துவிடும் செடி இது. விதை விழுந்தால்தான் அடுத்த ஆண்டு பூக்கும். விதை முற்றுவதற்கு முன் நசுக்கினால் அந்த இடம் வெறும் புல்லாகிவிடும்.

ஓணத்துக்கு வாசலில் இடும் பூக்கோலமான பூக்களத்துக்காகக் குழந்தைகள் கைநிறையப் பறிப்பதை நான் குறை சொல்லவில்லை. அது அந்த ஊரின் வழக்கம். அந்தக் கைகள் மண்ணைக் கிளறுவதில்லை.

புகைப்படக் கலைஞர்களே, நடக்க வெறும் பாறை வேண்டிய மட்டும் கிடக்கிறது. மணமக்களை அங்கே நிறுத்தி எடுங்கள், நீலம் பின்னால் தானே விழும். ஓட்டுநர்களே, எவ்வளவு வற்புறுத்தினாலும் தார்ச்சாலையை விட்டு வண்டியை இறக்க மாட்டேன் என்று முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.