ராசாத்திக்கு அப்பா எழுதுவது

ராசாத்தி,

சாப்பிட்டாயா? மூன்று வாரமாக உன் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவள் நம்பவில்லை. கிளாஸ்கோ குளிரில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே.

சனிக்கிழமை இங்கே எடின்பரோவில் சிக்னெட் நூலகத்துக்குப் போயிருந்தேன். மாடியில் அண்ணாந்து பார்த்தால் குவிமாடம் முழுக்க ஓவியம், அப்பல்லோவும் கலைத்தேவியரும், கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன். சிக்னெட் என்பது ஸ்காட்லாந்து ராஜாவின் சொந்த முத்திரையாம். அது விழவேண்டிய பத்திரங்களை எழுதியவர்கள் 1594இல் சங்கமானார்கள். இன்றைக்கும் கோர்ட் ஆஃப் செஷன் என்ற ஸ்காட்லாந்தின் உயர் சிவில் கோர்ட் சம்மனில் அந்த முத்திரை விழுகிறது. சங்கத்தில் இருப்பவர்கள் சொலிசிட்டர்கள், அதாவது வக்கீல்கள்தான், ஆனால் 'ரைட்டர்' என்றே பெயர். சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் பெட்டியைப் போட்டு உட்கார்ந்திருந்த உன் தாத்தாவையும் ஊரில் ரைட்டர் என்றுதானே கூப்பிடுவார்கள்? அவர் பேத்தியும் ஒரு நாள் இந்தச் சங்கத்தில் சேருவாள் என்று அங்கேயே நின்று நினைத்தேன். வக்கீல் ஆபீஸ் பயிற்சி முடிய இன்னும் ஒரு வருஷம்தானே பாக்கி, அதற்குள் இப்படி வாயை மூடிக்கொண்டால் எப்படி?

நாவல் எழுதிய வால்டர் ஸ்காட்டின் அப்பாவும் இந்தச் சங்கத்து ரைட்டர். 1786இல், பையனுக்கு 15 வயது நிறைவதற்குள், தன் ஆபீசிலேயே வேலை பழக உட்கார வைத்துவிட்டார். ஒருமுறை சாப்பாடு, ஓய்வு எதுவும் இல்லாமல் 120 பக்கத்துக்கு மேல் நகல் எழுதினானாம் அந்தப் பிள்ளை. கிடைத்த காசு கதைப் புத்தகத்துக்கும் நாடகத்துக்கும் போனது. எதற்கு மனசு ஏங்கியது என்று பெற்றவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

எனக்குத் தெரியும், ராசாத்தி. விண்ணப்பத்தில் நீ தாவரவியல் என்றுதான் போட்டிருந்தாய், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நான்தான் மாற்ற வைத்தேன். மாமாவிடம், அவளே ஆசைப்பட்டாள் என்று பொய் சொன்னேன். இன்னொன்றும் இருக்கிறது. பணமில்லாமல் சட்டக் கல்லூரியை விட்டேன் என்றுதானே உங்களிடம் சொல்லியிருக்கிறேன், தாத்தா பணம் கட்டியிருந்தார். பரீட்சைக்குப் பயந்து திருச்சிக்கு ஓடிப்போனேன். அந்த ரசீதை அவர் கடைசிவரை பெட்டியில் வைத்திருந்தார், யாரிடமும் சொல்லவில்லை.

சரி, அந்த ஆபீசுக்கு இப்போதும் போகிறாயா என்று நான் கேட்கப் போவதில்லை. ஞாயிறு காலை 10 மணி ரயிலில் வருகிறேன், குவீன் ஸ்ட்ரீட் ஸ்டேஷன் வாசலில் நிற்பேன். அம்மா வத்தக்குழம்பு கொடுத்துவிடுவாள். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வா.

அப்பா